விமானத்தின் அடிவயிற்றில் ஒரு குளுக்கோமீட்டர்

பினாங்கில் 22 ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். சென்ற புரட்டாசியில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போன இரவு விமானத்தில், மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

பட்டர்வொர்த்திலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்ட தம்பதி. ஐயாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று.

"ஐயாவுக்கு இனிப்புநீர் நோய் இருக்கிறதா அம்மா?"

"இருக்கிறதம்மா. ஊசிதான் போடுகிறார்."

நேரம் தவறக் கூடாதென்று காத்திருப்புக் கூடத்திலேயே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறார். விமானம் தாமதமாகக் கிளம்பியது. உணவு வண்டி வந்தபோது கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. குளுக்கோமீட்டர் எங்கே என்றேன். பெரிய பெட்டியில். பெட்டியோ எங்கள் காலுக்குக் கீழே, சரக்குப் பகுதியில்.

விமானத்தின் மருத்துவப் பெட்டியில் ஊசிமருந்துகள் இருந்தன, சர்க்கரை பார்க்கும் கருவி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இயந்திர இரைச்சல்தான் கேட்டது; நாடியைத் தொட்டே ரத்த அழுத்தம் பார்த்தேன். தலைமைப் பணிப்பெண் மறுபடி ஒலிபெருக்கியில் கேட்க, முன்வரிசையிலிருந்து சென்னை அம்மாள் ஒருவர் தம்முடைய மீட்டரைக் கொடுத்தனுப்பினார். புது ஊசிமுனை, புதுப் பட்டை. திரையில் 47.

ஒரு கணம் திகைத்தேன். நம் ஊர் மீட்டரில் இப்படி ஓர் எண் வராது. இந்தியக் கணக்கை 18ஆல் வகுத்தால்தான் நம் மலேசியக் கணக்கு வரும்: 2.6. நான்குக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

கீழே அந்தமான் கடல். விமானி தரையிலிருந்த மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தார். விமானத்தைத் திருப்புவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. நோயாளியின் நிலையைச் சரியாகச் சொல்வதே என் வேலை. முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஐயா விழுங்கினார். பிறகு ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு. 15 நிமிடம் கழித்து 61. இன்னொரு குவளை. அடுத்த முறை 92. அதன் பிறகு ரொட்டியும் மைலோவும்.

"எங்கே இருக்கிறோம்?" என்று மனைவியைக் கேட்டார். அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

அப்பா அம்மாவை விமானம் ஏற்றிவிடும் பிள்ளைகளே, கெஞ்சிக் கேட்கிறேன். மீட்டர், இன்சுலின், கொஞ்சம் இனிப்பு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடலாம். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், ஊசி நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியென்றால், தட்டு கண்முன் வந்த பிறகு போடட்டும். விமானம் ஏறும்போதே பணியாளரிடம் நோயைச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

சென்னையில் பெட்டி வந்ததும் அந்த அம்மா அங்கேயே தரையில் வைத்துத் திறந்தார். பேரப்பிள்ளைகளுக்கான முறுக்கு டப்பாவுக்கு அடியில் மீட்டர் இருந்தது. எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.