சோப்பைத் தின்னும் தண்ணீர்: ஒரு மார்கழி, தை நாட்குறிப்பு

டிசம்பர் 21, 2025, ஞாயிறு

மாத மளிகை லிஸ்ட் எழுதும் நாள். துவரம்பருப்புக்கும் நல்லெண்ணெய்க்கும் பார்க்கிற கணக்கைக் குளியலறைச் சாமான்களுக்கு நாம் யாருமே பார்ப்பதில்லை. தீர்ந்தால் தெருமுனைக் கடைக்கு ஓடி வாங்கிவருகிறோம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஆறு பேர். சோப்பு, பேஸ்ட், ஷாம்பூ, தேங்காய் எண்ணெய், ஹேண்ட்வாஷ் எல்லாம் எங்கே எப்படிக் கரைகின்றன என்று பொங்கல் வரைக்கும் கவனித்து எழுதப் போகிறேன்.

முதலில் சோப்பு. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். அந்தக் கட்டியில் உண்மையான சோப்புச் சத்து எவ்வளவு என்பதற்கான அளவு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். அதற்கும் கீழே போனால் ‘டாய்லெட் சோப்’ என்று போட முடியாது, ‘பாத்திங் பார்’ என்றுதான் போடுவார்கள். மைசூர் சாண்டல் மாதிரி பழைய சோப்புகளில் 80 சதவீதம் வரை இருக்கிறது. சத்து குறைந்த கட்டி சீக்கிரம் கொழகொழவென்று ஆகும். விலை குறைவு என்று எடுத்தால் மாதத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்க வேண்டிவரும். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் எடை, சதவீதம், விலை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 கிராம் கட்டியில் 76 சதவீதம் என்றால் கையில் வருவது 76 கிராம் சோப்புச் சத்து. 60 என்றால் 60 கிராம்தான்.

இப்போது பாக்கெட்டுகளில் கிராமுக்கு, மில்லிக்கு எவ்வளவு என்றும் அச்சிடுகிறார்கள். நல்ல காரியம். பத்து ரூபாய் சோப்பு பத்து ரூபாயாகவே இருக்க, எடை மட்டும் சத்தமில்லாமல் இளைக்கும் வித்தை இதில் மாட்டிக்கொள்ளும்.

டிசம்பர் 23, செவ்வாய்

செப்டம்பர் 22-லிருந்து சோப்புக் கட்டி, ஷாம்பூ, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டூத் பிரஷ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. கை கழுவும் திரவ சோப்புக்கு மட்டும் பழைய 18. வாஷ்பேசினில் கட்டி சோப்பை வைக்க இது ஒன்றே போதுமான காரணம். அத்தைக்குச் சொன்னேன். “நாங்க எல்லாம் கட்டியிலதான கை கழுவினோம்” என்றார்.

டிசம்பர் 24, புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் போர் தண்ணீர்தான். குடிக்க மட்டும் கேன். குழாயின் வாயில், கெய்சருக்குள், பக்கெட்டின் விளிம்பில் எல்லாம் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். லீவில் இருக்கும் மகளை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் மாமா மழைக்குப் பிடித்து மூடி வைத்திருந்த மழைத்தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கினோம். மழைத்தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நுரைத்தது. போர் தண்ணீர் பாட்டிலில் நுரையே இல்லை. திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

அந்தத் துணுக்குதான் நம் காசு. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடுகின்றன. அந்த உப்புகள் அத்தனையும் தீர்ந்த பிறகுதான் மீதிச் சோப்பு நுரைக்க ஆரம்பிக்கும். அதாவது கடின நீரில் நாம் தேய்க்கிற சோப்பில் ஒரு பங்கு உடம்புக்கு வருவதே இல்லை, தண்ணீருக்குப் போகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. சென்னைப் புறநகரில் குளிக்கும் தண்ணீரை யாரும் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. பிள்ளைகள் சோப்பைத் தேய்த்துத் தீர்க்கிறார்கள் என்றுதான் திட்டுகிறோம்.

செய்யக்கூடியது என்ன? கொதிக்க வைத்தால் ஒருவகைக் கடினத்தன்மை அடியில் படிந்துவிடும். வெந்நீரை அப்படியே கலக்கி ஊற்றாமல் தெளிவை மட்டும் மொண்டு ஊற்றலாம். அடுத்து, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் துணி துவைப்பவர்கள் இருக்கிறார்கள். சேர்ப்பது சரி, துவைப்பது வேண்டாம். உப்பு எல்லாம் கூடி நிற்கும் தண்ணீர் அது, சோப்பை இன்னும் அதிகமாக விழுங்கும். கழிப்பறைக்கு ஊற்றுங்கள், வாசல் கழுவுங்கள்.

டிசம்பர் 26, வெள்ளி

எண்ணெய்க் குளியல். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தலைக்குச் சீயக்காய்தான். அத்தை வடிகஞ்சியில் கரைப்பார். கஞ்சியின் கொழகொழப்பில் பொடி முடியில் பிடித்து நிற்கும், வழிந்து ஓடாது. தண்ணீரில் கரைப்பதைவிடக் குறைந்த பொடி போதும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிகிற மாதிரி சீயக்காய் திரியாது. நுரை கொஞ்சம்தான் வரும், ஆனால் எண்ணெய் போகும். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்ற எண்ணத்தால்தான் பாதி ஷாம்பூ வீணாகிறது.

டிசம்பர் 27, சனி

சீயக்காய் அரைக்க மாவு மில்லுக்குப் போனேன். அதற்குத் தனி மிஷின். வாரத்தில் ஒரு நாள்தான் ஓட்டுகிறார்கள், கூடவே தும்மலும் இருமலும்.

சேர்த்தது: வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூந்திக்கொட்டை கொஞ்சம், காய்ந்த செம்பருத்தி இலை, ஆவாரம்பூ, மாதக்கணக்கில் சேர்த்துக் காயவைத்த எலுமிச்சைத் தோல். பூந்திக்கொட்டையைக் கூட்டினால் நுரைக்கும், ஆனால் முடி வறண்டுபோகும். அரைத்ததும் சூடாக டப்பாவில் அடைக்கக் கூடாது. தாளில் பரப்பி ஆறவிட வேண்டும். ஈரக்கை பட்டால் வண்டு வந்துவிடும், அப்புறம் மொத்தமும் குப்பைக்குத்தான். பெரிய டப்பா பரணில், சின்ன டப்பா குளியலறையில், காய்ந்த மரக்கரண்டியோடு.

டிசம்பர் 29, திங்கள்

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. ஏறத்தாழ 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், மார்கழிக் காலையில் அப்படித்தான். உறைந்த பாட்டிலைப் பிதுக்கிக் குச்சியால் குத்தி எடுக்கும்போது உள்ளங்கையில் அள்ளி வருகிறது. வேண்டியதைவிட இரண்டு மடங்கு தலையில் போகிறது. வாய் அகன்ற கிண்ணத்துக்கு மாற்றிவிட்டேன். விரல் நுனியில் எடுத்து உருக்கித் தேய்த்தால் போதும். இந்த வருடம் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்துக்கு ஒவ்வொரு துளியும் கணக்குதான்.

ஜனவரி 2, 2026, வெள்ளி

பேஸ்ட். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அவ்வளவு தேவையே இல்லை. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு. மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு. நாத்தனாரின் குழந்தை வந்தால் நான் அப்படித்தான் வைக்கிறேன். குழந்தைகள் துப்பத் தெரியாமல் விழுங்குவார்கள், அதனால் இது காசுக்கு மட்டுமான விஷயம் இல்லை. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடும் டியூபைக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டுங்கள். தோள்பட்டைப் பகுதியில் ஒட்டியிருப்பது இன்னும் பல வேளைக்கு வரும். வெட்டிய பாதியை மறு பாதிக்குள் செருகி வைத்தால் காயாது. மகன் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டுவிட்டான்.

ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பேஸ்டை மிச்சப்படுத்துகிறேன் என்று சாம்பல், செங்கல் பொடி, அடுப்புக்கரி என்று போகாதீர்கள். எனாமல் தேய்ந்தால் மறுபடி வளராது. ரூட் கெனாலுக்கு ஆகும் ஆயிரங்களில் ஆயுசுக்கும் பேஸ்ட் வாங்கலாம். பிரஷும் அப்படித்தான்: மூன்று மாதம், இல்லை நார் விரிந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். பழையது போகட்டும் என்று விடாதீர்கள், குழாய் மூட்டுகளைத் தேய்க்க வரும்.

ஜனவரி 4, ஞாயிறு

சோப்புப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் நாலு, தண்ணீர் தேங்கும் வடிவம். சோப்பு குளியலின்போது மட்டும் கரைவதில்லை, குளித்து முடித்த பிறகும் அந்தக் குட்டையில் ஊறிக் கரைகிறது. கம்பியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டேன். ஓட்டை போட முடியாத பீங்கான் பெட்டியில் குறுக்கே ரப்பர் பேண்டு மாட்டினேன். சோப்பு அதன் மேல் நிற்கிறது, காற்று அடியிலும் போகிறது.

இன்னும் மூன்று பழக்கங்கள், மூன்றும் அத்தையுடையவை. புதுச் சோப்பை வாங்கியவுடன் உறையைப் பிரித்து பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவார். ஈரம் வற்றி இறுகும், கரைவது குறையும், புடவையும் மணக்கும். அடுத்து, கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியைத்தான் குளியலறைக்குக் கொடுப்பார். நனைவது அந்தப் பாதி மட்டும். மூன்றாவது, நுரைப்பீர்க்கு நார். முற்றிக் காய்ந்த காயின் தோலை உரித்து, விதையை உதறிவிட்டு, ஒரு துண்டு நறுக்கிக்கொள்ள வேண்டும். நேராக உடம்பில் தேய்ப்பதைவிட நாரில் இரண்டு இழுப்பு இழுத்தால் நுரை பொங்குகிறது. ஊர்ப்பக்கம் வேலியில் சும்மா காய்க்கிற இது, இங்கே கடைகளில் பொட்டலம் கட்டி நல்ல விலைக்குப் போகிறது.

தேய்ந்த வில்லைகள்: சின்ன வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டேன். கை கழுவ அதுவே போதும், சொட்டிவிட்டு உலர்ந்தும் விடுகிறது. வில்லைகளைத் துருவி வெந்நீரில் கரைத்துத் திரவ சோப்பாக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை, சில நாளில் நாற்றம் வரும். ஒரு வாரத்துக்கு மேல் செய்து வைக்காதீர்கள்.

ஜனவரி 7, புதன்

ஷாம்பூ. மகளின் கணக்கு மூன்று பம்ப். ஒரு பம்பை அரைக் குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். “நுரையே வராதும்மா” என்று முகத்தைச் சுளித்தவள், இரண்டாவது முறை ஊற்றும்போது நுரை வந்ததும் பேசவில்லை. முதல் முறை எண்ணெயும் தூசியும் நுரையை அமுக்கிவிடும், அவ்வளவுதான்.

சாஷே பற்றி ஒரு வார்த்தை. ஷாம்பூவை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனது அந்தச் சின்னப் பொட்டலம்தான். கடலூர் சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக இருந்து காட்டிய வழி அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழிலில் சிக் ஷாம்பூ ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பெரிய பாட்டில் என்றால் மலிவு என்று நினைக்கிறோம். இங்கே பல சமயம் மில்லிக் கணக்கில் சாஷேதான் மலிவு, வகுத்துப் பாருங்கள். அளவும் கட்டுப்படும். ஆனால் அந்த உறையை மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை, கால்வாயில்தான் போய் அடைக்கிறது. அதனால் நான் பாட்டிலோடு நிற்கிறேன். மலிவு என்று தெரிந்தும் எடுத்த முடிவு இது. பாட்டில் தீரும்போது கவிழ்த்து வைத்து, கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி அன்றே தீர்த்துவிடுகிறோம்.

ஜனவரி 10, சனி

ஹேண்ட்வாஷ் மாமாவுக்கு வேண்டும், சோப்புக் கட்டி கை நழுவுகிறது என்கிறார். பம்பின் கழுத்தில் ரப்பர் பேண்டைப் பல சுற்று சுற்றிவிட்டேன். அழுத்தினால் பாதிதான் இறங்கும், வருவதும் பாதி. கை கழுவ அது தாராளம். நுரையாக வரும் பம்ப் பாட்டில் இருந்தால் ஒரு பங்கு ஹேண்ட்வாஷுக்கு நாலு பங்கு தண்ணீர் கலக்கலாம். ஆற வைத்த வெந்நீராக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

மாமாவின் சவரம் தனிக் கல்வி. பழைய இரும்பு ரேசர், இரட்டை முனை பிளேடு. முடித்ததும் உதறித் துண்டில் ஒற்றிக் காயவைப்பார். ஈரத்தில் கிடந்தால் முனை சீக்கிரம் கெடும். லோஷனுக்குப் பதில் படிகாரக் கட்டி; நனைத்துத் தடவி, உலர்த்தி வைத்துவிட்டால் வருடக்கணக்கில் வருகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

மகளிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் நான் எல்லாவற்றையும் அளந்து கொடுப்பதைப் பார்த்து நாப்கினையும் மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிடக் கூடாது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், பள்ளிக்கூடத்தில் இருந்தாலும். துணி நாப்கின் வேண்டுமானால் வாங்கித் தருகிறேன், ஆனால் சோப்பில் துவைத்து வெயிலில்தான் காயப்போட வேண்டும், அலமாரிக்குப் பின்னால் மறைத்து இல்லை. “பாட்டி ஏதாவது சொன்னா?” என்றாள். பக்கத்து அறையிலிருந்து அத்தையே குரல் கொடுத்தார்: “பாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா. மொட்டை மாடிக் கொடியில போடு.”

ஜனவரி 14, புதன், போகி

குளியலறை அலமாரியை ஒழித்தேன். பாதி தீர்ந்த கிரீம், ஓட்டலில் இருந்து வந்த குட்டிப் பாட்டில்கள், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வந்து காலாவதியான லோஷன். இனி திறந்தது தீரும் வரை அடுத்தது திறப்பதில்லை என்று பேச்சு. குட்டிப் பாட்டில்கள் பயணப் பையில்.

ஜனவரி 18, ஞாயிறு

தை பிறந்துவிட்டது. மழைக்காலத்தில் சற்று இளகியிருந்த போர் தண்ணீர், வெயில் ஏற ஏற இனி கடுக்கும். மாமா பிடித்த மழைத்தண்ணீரும் தீர்ந்தது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் குடியிருப்பிலும் மாடியிலிருந்து குழாய் இறங்கி மண்ணுக்குள் போகிறது. அதில் ஒரு குழாயை மட்டும் தொட்டிக்குத் திருப்பினால், அடுத்த ஐப்பசியில் குளிக்கவும் துவைக்கவும் மென்மையான தண்ணீர் கிடைக்கும். முதல் மழையை விட்டுவிட ஒரு வால்வு, இலையை வடிகட்ட ஒரு வலை, கொசு புகாத மூடி, ஆயிரம் லிட்டர் தொட்டி. பிளம்பரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். பாட்டில் சோதனையை அசோசியேஷன் கூட்டத்தில் மகளே செய்து காட்டுகிறேன் என்கிறாள்.