நவதிருப்பதி: ஒன்பதை நாலாகக் குறையுங்கள்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெல்லையிலிருந்து நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். தாமிரபரணியின் இரு கரையிலுமாக ஒன்பது பெருமாள் கோயில், ஒரே பகல். தீர்த்தம் கையில் விழுவதற்குள் வெளியே விசில் கேட்கும். சேவித்த புண்ணியத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆபீஸ், வீடு, போன் என்று ஆறு நாள் ஓடியவருக்கு இது ஏழாம் நாள் ஓட்டம். கொஞ்சநேரம் தனியாக இருக்கத்தான் கிளம்புகிறீர்கள் என்றால் நாலு கோயில் போதும்.

அதில் மூன்றை நம்மாழ்வாரே ஒரு பாசுரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்: 'புளிங்குடிக் கிடந்து, வரகுணமங்கை இருந்து, வைகுந்தத்துள் நின்று.' ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் நின்ற கோலம். நத்தம் என்று ஊரார் சொல்லும் வரகுணமங்கையில் விஜயாசனர் இருந்த கோலம். திருப்புளியங்குடியில் காய்சினவேந்தன் கிடந்த கோலம். மூன்றும் தாமிரபரணி வடகரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாலாவது தென்கரையில், ஆழ்வார்திருநகரி.

கிழமை முக்கியம். கிரகப் பரிகாரத்துக்கு வருகிறவர்கள் கிழமை பார்த்துத்தான் வருவார்கள். ஸ்ரீவைகுண்டம் சூரியனுக்கு, நத்தம் சந்திரனுக்கு, புளியங்குடி புதனுக்கு, ஆழ்வார்திருநகரி குருவுக்கு. ஞாயிறு, திங்கள், புதன், வியாழன் கழிந்தன. சனி பெருமாளுக்கே உரிய நாள். மிஞ்சுவது செவ்வாயும் வெள்ளியும். அந்த நாளில் ஏகாதசி விழுந்தால் கூட்டம் சேரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசி ஒன்பது கருடசேவையையும் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் மார்கழி அரையர் சேவையையும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அனுபவிக்க வேண்டும். அதற்கு வேறொரு பயணம் வையுங்கள்.

காலை எட்டு மணிக்குள் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தால் நல்லது. பெரிய கோயில்கள் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கும்போது வாடகையை மட்டும் பேசினால் போதாது. 'நத்தத்தில் அரைமணி, புளியங்குடியில் ஒரு மணி நிற்கணும்' என்று ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் ஹாரன் அடிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அடுத்த சவாரி அவர் பிழைப்பு.

புளியங்குடியில் சன்னதியில் சேவித்ததோடு திரும்பிவிடாதீர்கள். பெருமாளின் திருவடியைப் பிரகாரத்தில் உள்ள ஜன்னல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். அவசரத்தில் வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பெருமாள் கோயிலில் சேவித்த பின் உட்காரக் கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் சேவிக்கும் முன்பே உட்கார்ந்துவிடலாம். பிரதட்சிணம் வருகிறவர்களின் வழியை மறிக்காமல், சன்னதிக்கு முதுகு காட்டாமல் ஒரு தூண் ஓரம் போதும். வீட்டாரோடு வந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் உட்காருங்கள். இத்தனை மணிக்குக் கொடிமரத்தடியில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் யாரும் யாரையும் தேடி வர மாட்டார்கள்.

ஆழ்வார்திருநகரிக்குப் பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும். கோயிலுக்குள்ளே இருக்கிறது உறங்காப்புளி என்னும் புளியமரம். பிறந்ததிலிருந்து 16 ஆண்டுகள் நம்மாழ்வார் யாரோடும் பேசாமல் இந்த மரத்தடியில் இருந்தார் என்பது குருபரம்பரை வழக்கு. பிறகு அவருக்குச் சீடரான மதுரகவி வந்து கேட்ட கேள்விக்குத்தான் வாய் திறந்தார். அவர் பாடிய திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தவை.

இங்கே அரைமணி போதும். முதல் தடவையே ஒரு மணி நேரம் தியானம் என்று திட்டமிட்டு வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து தூண் சிற்பம் பார்க்கப் போய்விடுவார்கள். சும்மா உட்கார்ந்தவுடன் கரண்ட் பில்லும் பிள்ளையின் பரீட்சையும் வரிசையாக வந்து நிற்கும், விரட்டினால் போகாது. அதற்கு ஒரு பிடி வேண்டும். இந்தத் தலத்துக்கு உரிய 'ஒன்றுந் தேவும்' பதிகத்தைத் தாளில் கொண்டுபோய், உதடு அசையும் அளவுக்கு மெல்ல வாசியுங்கள். 11 பாசுரம், நிறுத்தி வாசித்தால் பத்து நிமிடம் ஆகும். அதன் பிறகு தாளை மடித்துவிட்டு இருங்கள். போனிலேயே பாசுரம் இருக்கிறதே என்று தோன்றும், வேண்டாம். பதிகம் முடிவதற்குள் நாலு செய்தி வந்துவிடும். அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். நெய்ப்பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு உறங்காப்புளியடியில் உறங்குவது அந்த மரத்துக்கே அடுக்காது. சித்திரை, வைகாசியில் உச்சிவேளை நெருங்கினால் பிரகாரக் கல் காலைச் சுடும்; அந்த மாதங்களில் ஆழ்வார்திருநகரியை முதலில் முடித்துவிட்டு வடகரைக்குப் போவது மேல்.

மற்றக் கோயில்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் இரட்டைத் திருப்பதிக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஊர் ஒட்டாமல் வயல்வெளியில் இருக்கும் கோயில்கள் அவை. போன ஆட்டோவை அனுப்பிவிட்டால் திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். காத்திருப்புக் காசு கொடுத்து நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.