ஷவருக்கு ஓர் அமுக்கப் பம்பி
கிளிநொச்சியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஷவரைவிட 2 மீற்றர் மட்டுமே உயரத்தில் இருப்பதால், அங்கு கிடைக்கும் அமுக்கம் ஏறத்தாழ 0.2 பார்தான், 1 பார் வேண்டுமானால் தாங்கியை 10 மீற்றர் உயரத்தில் வைக்க வேண்டும். ஆகவே அமுக்கம் கூட்டும் சிறிய பம்பி ஒன்றைப் பூட்டினோம்.

வாங்குமுன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. துளைகளில் வெள்ளையாக இறுகிய படிவை வினாகிரியில் ஊறவைத்து அகற்றினாலே சில வீடுகளில் குறை தீர்ந்துவிடும்.

நீரோட்டத்தை உணர்ந்து தானாக இயங்கும் பம்பி வசதியானதுதான், ஆயினும் இயல்பாக வரும் தண்ணீர் மிக மெல்லியதாக இருந்தால் அது இயங்கத் தொடங்காது. தாங்கி வெறுமையாகும்போது பம்பி தண்ணீரின்றிச் சுற்றிப் பழுதாகாமல் தானாக நிற்கும் பாதுகாப்பு உள்ளதா என்பதையும், கிணறுகள் வற்றும் கோடையை எண்ணி, கடையில் அவசியம் கேளுங்கள்.