வண்டியை இறக்கிய பிறகு வந்த சத்தங்கள்

பழைய ஹேட்ச்பேக்குக்குக் குட்டை ஸ்பிரிங் போட்டு உயரத்தை 35 மி.மீ. இறக்கியதும் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. நான் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போய் வருபவன். மறுநாள் காலை அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் முன்பக்கம் ‘டக் டக்’ என்று ஆரம்பித்துவிட்டது. ஸ்பிரிங் போட்ட கடையில் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, “லோ பண்ணினா சத்தம் வரத்தான் சார் செய்யும்” என்றார்கள். இது எனக்குப் பதிலாகவே படவில்லை. இறக்கிய வண்டிகள் எத்தனையோ சத்தமில்லாமல் ஓடுகின்றன.

முதலியார்பேட்டைப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். “சத்தம் எங்க வருதுன்னு சொல்லாதீங்க தம்பி, எப்ப வருதுன்னு சொல்லுங்க” என்றார். எங்கே என்பதில் காது ஏமாறும். இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ பயணம் செய்யும். அதனால் கவனித்துக் குறித்துவைத்தேன். தவளக்குப்பம் ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் ‘டக்’ இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் உடனே வருகிறது. நிறுத்தும்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் வேறு மாதிரி, கம்பி தெறிப்பது போல ‘டொய்ங்’.

முதல் சத்தத்துக்கு அந்தக் குறிப்பே போதுமாக இருந்தது. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி, இரண்டு முன் சக்கரங்களையும் லிங்க் ராடு என்ற சிறு தண்டுகள் வழியாக இணைக்கிறது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் முறுக்குவதில்லை, லிங்க் ராடுக்கும் வேலையில்லை. ஒன்று மட்டும் இறங்கும்போதுதான் பார் முறுக்கி லிங்க் ராடை இழுக்கும். அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் ‘டக்’. இத்தனை நாள் ஒரு கோணத்தில் தேய்ந்து பழகிய ஜாயிண்ட், வண்டி இறங்கியதும் வேறு கோணத்தில் வேலை செய்கிறது. இருந்த லூஸ் அப்போது வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்தால் இது பிடிபடாது என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு சக்கரம் தொங்கும்போது பார் முறுக்கி ஜாயிண்டை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டினாலும் ஆடாது. இரண்டு லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று போய் வந்தோம். வளைவில் வண்டி சாய்ந்தது, ஆனால் ‘டக்’ போய்விட்டது. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டாயிற்று.

‘டொய்ங்’குக்கு இன்னும் எளிய சோதனை. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் விரலை லேசாக வைக்க வேண்டும் (சுருளுக்கு இடையில் விடக்கூடாது, விரல் முக்கியம்). ஸ்பிரிங்கின் மேல் முனையைச் சுழலவிடும் டாப் மவுண்ட் பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் சீராகச் சுழலும். எனக்கு இடது பக்கத்தில் ஸ்பிரிங் அப்படியே நின்று, முறுக்கேறி, ஒரு உதறலோடு விடுபட்டது விரலில் தெரிந்தது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றினால், கீழ்த் தட்டில் ஸ்பிரிங் முனை சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. மேலே பேரிங்தான் துரு. கையில் வைத்துச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. கடற்கரை ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்ட்ரட்டைப் பிரித்துச் சேர்க்கும் கூலி எப்படியும் ஒரு தடவை கொடுக்கிறோம். பேரிங்குக்காக மறுபடி எதற்கு?

இத்தனைக்கும் பிறகு ஒரு ‘கிறீச்’ மிச்சம் இருந்தது. மெதுவாக மேடு ஏறும்போது மட்டும், பழைய கதவு திறப்பது போல. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் தண்ணீர் தெளித்ததும் கொஞ்ச நேரம் அடங்கியது. ஆயில் அடிக்க நான் போனதும் மெக்கானிக் தடுத்துவிட்டார். பெட்ரோலிய ஆயில் ரப்பரை ஊதச் செய்துவிடும். புஷ் கெடவில்லை. ஸ்பிரிங் போட்ட கடையில் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே ஆர்ம் போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழல் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கும். சத்தமும் வரும், சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்படி ராம்ப்பில் ஏற்றி, போல்ட்டைத் தளர்த்தி, பானெட்டை நாலு அழுத்து அழுத்திவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார். உதிரிப் பாகம் எதுவும் மாற்றாமல் தீர்ந்த ஒரே சத்தம் இதுதான்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருந்தது, சரி செய்துவிட்டார்கள். இப்போது முள்ளோடை வரை பாட்டு போடாமலே போனாலும் எதுவும் கேட்பதில்லை. கிருமாம்பாக்கத்தில் ஒரு பிரேக்கர் மட்டும் அடியில் தட்டுகிறது என்பதால் வண்டியைக் குறுக்காக ஏற்றுகிறேன். அப்படி ஏற்றினால் ஒவ்வொரு சக்கரமாகத்தான் ஏறும். புது லிங்க் ராடு இரண்டுக்கும் தினம் அங்கே ஒரு பரீட்சை நடக்கிறது.