டார்ச் லைட் கட்சி: நாட்குறிப்பில் இருந்து சில பக்கங்கள்

21 பிப்ரவரி 2018
காலையில் ராமேஸ்வரத்தில் கலாம் வீடு, மாலையில் மதுரை ஒத்தக்கடை மேடை. கமல்ஹாசன் கட்சி தொடங்கிவிட்டார். பெயர் மக்கள் நீதி மய்யம். கேஜ்ரிவால் வந்திருந்தார். கொடியில் கோத்த ஆறு கைகள், நடுவில் நட்சத்திரம். இடதும் இல்லையாம், வலதும் இல்லையாம். ஜெயலலிதா போய்விட்டார், கருணாநிதியால் பேச முடியவில்லை. வெற்றிடம், வெற்றிடம் என்று டிவியில் தினமும் பேச்சு. ஆர்.கே. நகரில் தினகரன் ஜெயித்ததைப் பார்த்தால், அந்த இடத்துக்கு ஏற்கெனவே வரிசை நிற்கிறது. ஆனாலும் எப்போதும் நோட்டா என்று சொல்லும் ஆபீஸ் நண்பர்கள்கூட இன்று லைவில் உட்கார்ந்திருந்தார்கள்.

23 மே 2019
கோவையில் சி.பி.எம். ஜெயித்தது, பா.ஜ.க. இரண்டாம் இடம். கமல் கட்சியின் சின்னமான டார்ச் லைட் மூன்றாவது, சுமார் 1.45 லட்சம் ஓட்டு. என்னுடையதும் அதில் ஒன்று. முதல் தேர்தலுக்கு நல்ல எண்ணிக்கைதான். மாநிலம் முழுக்கச் சேர்த்தால் நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சீட்டு ஒன்றுகூட இல்லை. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று நகரத்து ஓட்டாகவே விழுந்திருக்கிறது. பா.ம.க. வட மாவட்டங்களில் இருக்கும் ஓட்டை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேலாகக் கூட்டணி பேரம் பேசுகிறது. இரண்டு கழகமும் பிடிக்காதவர்கள் ஊருக்குக் கொஞ்சம் பேராகச் சிதறிக் கிடக்கிறோம். எங்களை நம்பிப் பேரத்துக்கு உட்கார முடியாது.

12 மார்ச் 2021
கமல் எங்கள் கோவை தெற்கில் நிற்கிறார்! தெருவே பரபரப்பாக இருக்கிறது.

எனக்கு வேறொரு விஷயம்தான் மனதில் ஓடுகிறது. இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று டிசம்பரில் இவர்கள் சொன்னபோது பலர் சிரித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டாலின் மாதம் 1,000 ரூபாய் என்றார், மறுநாளே எடப்பாடி 1,500 என்றார். எங்களைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்கிறார் கமல். நியாயம்தான். ஆனால் யோசனை யாருடையது என்று பார்த்து யார் ஓட்டுப் போடுகிறார்கள்? யார் ஆட்சிக்கு வரப்போகிறார்களோ, அவர் வாக்குறுதிக்குத்தான் மதிப்பு. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல எது நெசமா வரும்?”

2 மே 2021
பகல் முழுக்க முன்னணி, பின்னணி என்று உயிரை எடுத்துவிட்டார்கள். கடைசியில் வானதி சீனிவாசன் 53,209, கமல் 51,481. வித்தியாசம் 1,728. காங்கிரசுக்கு 42 ஆயிரத்துக்கு மேல்.

அப்பா பழைய தி.மு.க. “உங்காளு ஓட்டைப் பிரிச்சு தாமரையை ஜெயிக்க வெச்சுட்டாரு” என்று ஒரே சத்தம். “இந்த மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அ.தி.மு.க. கூட்டணிக்குத்தானே போயிருக்கு, அங்கெல்லாம் யார் பிரிச்சது?” என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் என்னிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. மாநில அளவில் 2.6 சதவீதம். இரண்டே வருடத்தில் கரைந்துவிட்டது. தலைவரே தோற்றபின் சட்டசபையில் பேசக்கூட ஆள் கிடையாது.

8 ஜூலை 2021
2019இல் கோவையில் டார்ச் லைட்டில் நின்ற மகேந்திரன் இன்று தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார். தேர்தல் முடிவு வந்த வாரமே விலகியவர்; அவரைத் தொடர்ந்து இன்னும் சிலரும் போனார்கள். துரோகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்ற கழகத்துக்காரனுக்கு ஒரு வார்டோ ஒரு சங்கப் பதவியோ கிடைக்கும், ஐந்து வருடம் ஓட்டிவிடுவான். இங்கே என்ன இருக்கிறது?

15 செப்டம்பர் 2023
மகளிர் உரிமைத் தொகை தொடங்கியாயிற்று. சித்தியின் கணக்கில் 1,000 ரூபாய். ஸ்டாலின் கொடுத்தது என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. டார்ச் லைட்டின் பெயரை நான்தான் எடுத்தேன். “அவரும் சொன்னாரா?” என்றார் சித்தி.

9 மார்ச் 2024
தி.மு.க.வின் அறிவாலயத்தில் கமல் கூட்டணிக் கையெழுத்து. மக்களவையில் போட்டி இல்லை, கூட்டணிக்குப் பிரசாரம், அடுத்த ஆண்டு ஒரு மாநிலங்களவை இடம். 2019 விளம்பரத்தில் கழகத் தலைவர்கள் பேச்சைக் கேட்டு ரிமோட்டைத் தூக்கி டிவியில் எறிந்தவர்! பா.ஜ.க.வைத் தடுக்க என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவனுக்கு இனி அங்கே என்ன வேலை?

25 ஜூலை 2025
மாநிலங்களவையில் கமல் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். கட்சிக்கு முதல் எம்.பி. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே, “எங்க எம்.எல்.ஏ. கணக்குல போன சீட்டுதானே” என்றார்.