வெடிச்சத்தமும் எங்கள் ராணியும்

வெடிக்குப் பயப்படும் நாய் உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: தரப்போகும் மருந்து பயத்தைக் குறைக்குமா, உடம்பை மட்டும் படுக்கவைக்குமா? பதில் தெரியாமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். போன தீபாவளிக்கு ராணி பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ராணி நாட்டு நாய். நாங்கள் குடியாத்தம். தீபாவளிக்கு வெடிக்க அரசு தந்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் அதை யார் பார்க்கிறார்கள்? அதனால் முன்கூட்டியே வாடகைக் கார் பிடித்து வேலூரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். தடுப்பூசி கார்டு கையில் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து வாட்ஸப்பில் படம் வரவழைத்துக் காட்டினால், "ஒரிஜினல்தான் வேணும்" என்றார் மேசையில் இருந்தவர். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனால், டாக்டர் ராணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஊசி. "தூங்கிடும், கூட்டிட்டுப் போங்க."

அவள் தூங்கவில்லை. கால்கள் துவண்டு கிடந்தாள். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கண் விரிந்தது, காது துடித்தது, வாயோரம் எச்சில் ஒழுகியது. ஓடி ஒளியவும் வழியில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் அரசு கால்நடை மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். கிளினிக் சீட்டைப் பார்த்ததுமே, போட்ட ஊசி "அசிப்ரோமசின்" என்றார். உடம்பை மடக்கிப் போடுமே தவிர பயத்தை எடுக்காதாம். வெடிக்கு அதைத் தனியாகக் கொடுக்கக் கூடாதாம். எடை பார்த்து வேறு மாத்திரை எழுதினார். சத்தமில்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே திருவிழாவுக்குக் கொடுக்கச் சொன்னார். அதுவும் சத்தம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும். மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலையே வேண்டாம்.

"மாத்திரை பாதிதாம்மா, மீதி உங்க கையில" என்றார். அந்த மீதியைத்தான் மாதக்கணக்கில் செய்தோம். செல்போனில் வெடிச்சத்தம், காதுக்கு எட்டியும் எட்டாமலும். சத்தம் கேட்டதும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. முதலில் சத்தம், பிறகுதான் ஈரல். இந்த வரிசை மாறக் கூடாது. நாய் நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த முறை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டாலோ, ஈரலை விட்டுத் திரும்பினாலோ உடனே குறைத்துவிடுங்கள். என் கொழுந்தனார் ஆர்வத்தில் ஒரே இழுப்பாகக் கூட்டிவிட்டார். மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அறிவுரைக்குக் குறைவில்லை. "வெளிய கட்டிப்போடும்மா, கேட்டுக் கேட்டுப் பழகிடும்" என்றார் எதிர்வீட்டு அண்ணன். பழகாது. பயம் ஏறும், சங்கிலியில் கழுத்து நசுங்கும், அறுத்துக்கொண்டு ஓடினால் லாரியில் மாட்டும். அத்தை, "தடவிக் குடுத்தா இன்னும் பயந்துக்கும்" என்றார். டாக்டரம்மா அதை மறுத்துவிட்டார்: பயம் நாய் அடம்பிடித்துச் செய்கிற காரியமில்லை, தடவினால் வளர்வதற்கு. நம்மிடம் வந்தால் அணைத்துக்கொள்ளலாம். கட்டிலடியில் போனால் இழுக்கக் கூடாது. திட்டவே கூடாது.

வைகாசி 1, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மேளம் தொடங்கும் முன்பே நடைக்குக் கூட்டிப்போய் வந்தோம். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதினோம். ஜன்னல் இல்லாத நடு அறையில் ஃபேன், டிவி, அவள் படுக்கும் பழைய கைலி. கதவை மட்டும் சாத்தவில்லை. போக வர அவள் இஷ்டம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாம் பதறினால் அதுவும் பதறும்.

இரவு வாணவேடிக்கை. கட்டிலடியில் படுத்து நடுங்கினாள், மறைக்கவில்லை. ஆனால் பெரிய வெடி ஒன்று போட்டதும் மூக்கை நீட்டி என் கையிலிருந்த ஈரலை வாங்கித் தின்றாள்! போன தீபாவளிக்குத் தண்ணீர்கூடத் தொடாதவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தீபாவளிக்கு ஆவணியிலேயே செல்போனும் ஈரலுமாக உட்கார்ந்துவிடுவோம். தடுப்பூசி கார்டு இப்போது ராணியின் கயிறு வைக்கும் பையிலேயே இருக்கிறது.