நட்டு திரும்பவே இல்லை, மோட்டார் மட்டும் ஆடியது

300 கிலோமீட்டர் தாண்டியாச்சு. மோட்டார் மாட்டிய இடத்தில் அப்படியே நிற்கிறது. இதற்கு முன் இரண்டு தடவை 50 கிலோமீட்டருக்குள்ளேயே ஆட்டம் கண்டது. சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிடலாம். மிட் டிரைவ், அதாவது பெடல் அச்சில் உட்காரும் மோட்டார், மாட்டும் எல்லோரும் அதைப் பிடிக்கும் இதே நட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அடிப்படை: அலுமினியம் ஃப்ரேம், 68 மி.மீ. பாட்டம் பிராக்கெட் ஷெல் (பெடல் அச்சு போகும் குழாய்), பின்னால் 7 கியர் ஃப்ரீவீல். கிட் பாஃபாங் பி.பி.எஸ். 01, 36 வோல்ட், 250 வாட். 750 வாட் பி.பி.எஸ். 02 ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தரும் சக்தி 0.25 கிலோவாட், வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று மத்திய மோட்டார் வாகன விதி கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் அது சைக்கிள் இல்லை, பதிவெண் வேண்டிய வண்டி. மேம்பாலம் ஏற 250 தாராளம், கியரைக் குறைத்துப் பெடல் போட்டால் போதும். பொருத்தும் முறை இரண்டு மாடலுக்கும் ஒன்றுதான்.

இனி நட்டு. ஷெல்லின் இடப்பக்கம் பல் வெட்டிய தகடு ஒன்று வரும். இரண்டு எம்5 (5 மி.மீ. மரை) போல்ட்டில் அது மோட்டார் உடலோடு சேரும், மேலே எம்33 (33 மி.மீ. மரை) வளைய நட்டு அதை ஷெல்லின் முகத்தில் அழுத்தும். மோட்டார் சுற்றிவிடாமல் பிடிப்பது இந்த அழுத்தம் மட்டுமே. செயின் பக்கம் நின்று பார்த்தால் செயின்ரிங் கடிகாரச் சுற்றில் போகும். அதைத் தள்ளும் மோட்டார் உடலுக்கு எதிர்ச்சுற்றில் உதை விழும். அதனால் முன்னால் தொங்கும் மோட்டார் மேலே எழும்பி ஃப்ரேமின் முன்பக்கச் சாய்வுக் குழாயான டவுன் டியூபை முட்டப் பார்க்கும், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் தன் எடையில் கீழே இறங்கப் பார்க்கும். நாள் முழுக்க இந்த மேல் கீழ் ஆட்டம்தான்.

முதல் தடவை ஆடியதும் "நட்டு கழன்றுவிட்டது, த்ரெட் லாக்கர் (மரைப் பசை) போட்டு இறுக்கு" என்ற வழக்கமான முடிவுக்கே வந்தேன். இரண்டாம் தடவை இறுக்கியதும் நட்டுக்கும் தகடுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. 45 கிலோமீட்டரில் மோட்டார் மறுபடி லொடலொட. கோடு மட்டும் நேராக அப்படியே இருந்தது. நட்டு இம்மியும் திரும்பவில்லை!

கழற்றினால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஷெல்லின் முகத்தில் பவுடர் கோட்டிங். தகட்டின் பல் அதைத்தான் கடித்திருந்தது, அலுமினியத்தைத் தொடவே இல்லை. கணக்குப் பாருங்கள். எம்33-ஐ 37 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் மோட்டாரின் அந்தக் குழாய் நீள்வது நூறில் இரண்டு மூன்று பங்கு மி.மீ. மட்டுமே. மொத்தப் பிடிப்பும் அந்த நீட்சியில்தான் இருக்கிறது. பவுடர் கோட்டிங்கோ 0.06 முதல் 0.1 மி.மீ. கனம். அது நசுங்கிப் பொடியானால் பிடிப்பு மொத்தமும் போய்விடும். நட்டுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் இதற்கு மருந்தில்லை.

பெயின்ட்டை அரத்தால் ராவினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கையால் ராவிய முகம் ஒருபக்கம் சரியும். தகடு ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும், பழைய கதைதான். ஷெல் முகம் வெட்டும் அசல் கருவி விலை அதிகம், ஒரே ஒரு வேலைக்கு அது கட்டாது. லேத் பட்டறையில் டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) உருளையில் ஒரு மாண்ட்ரல், அதாவது ஷெல்லுக்குள் நுழைந்து நேராகத் திருப்ப உதவும் தண்டு, கடைந்து வாங்குவது மேல். அம்பத்தூர் மாதிரி இடங்களில் துண்டு டெல்ரின் பட்டறையிலேயே கிடைக்கும். அளவு: 60 மி.மீ. நீளத் தண்டு, ஒரு முனையில் 50 மி.மீ. விட்டத்தில் 12 மி.மீ. கனமான விளிம்பு. தண்டின் விட்டத்தை மட்டும் காகிதத்தில் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஷெல்லின் மரையை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மரையின் உச்சிக்கு உச்சி வெர்னியரில் அளந்து, அதில் 0.05 குறைத்துச் சொல்லுங்கள். இந்த ஃப்ரேமில் 33.7 வந்தது. தண்டு ஆடினால் முகமும் கோணும்.

விளிம்பின் உள்முகத்தில் இருபக்க டேப்பால் 120 நம்பர் எமரித் தாளை வளையமாக வெட்டி ஒட்ட வேண்டும். ஷெல் முகம் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி, அரைச்சுற்று திருப்பு, தூக்கு, பொடியைத் துடை. கறுப்பு முழுக்கப் போகும்வரை 120, பிறகு ஒரு பத்துச் சுற்று 220. முதலில் கறுப்பு கீழ்ப்பக்கம் மட்டும்தான் போனது. அதாவது முகம் ஏற்கெனவே சாய்வு, பெயின்ட் மட்டும் குற்றவாளி இல்லை. முடித்ததும் தகட்டைக் கையால் அழுத்தி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 மி.மீ. இலை எங்கேயும் நுழையாமல் இருந்தால் போதும். வெறும் அலுமினியத்தில் கிரீஸ் தடவாதீர்கள், வழுக்கும். வெளி ஓரத்துக்கு நகப்பூச்சு அடித்துவிட்டால் மழைக்கு ஆச்சு.

இன்னொரு இடைவெளி உள்ளே இருக்கிறது. மோட்டார் குழாய் ஏறக்குறைய 33.5, ஷெல் 33.7. குளிர்பானக் கேனின் தகடு 0.1 கனம், அதை ஒரு சுற்று சுற்றி நுழைத்தால் ஆட்டம் பாதிக்கு மேல் அடங்குகிறது. நுழையாமல் முரண்டு பிடித்தால் சீட் டியூப் துளையின் பிசிறைப் பாருங்கள், வட்ட அரம் இரண்டு இழுப்பு. சுத்தியலைத் தொடாதீர்கள்.

இறுக்கும் வரிசையும் முக்கியம். டவுன் டியூபுக்கும் மோட்டாருக்கும் நடுவே 4 மி.மீ. ரப்பர். மோட்டாரை மேலே தூக்கி ரப்பரில் நசுங்கும்படி ஒருவர் பிடிக்க வேண்டும். எப்படியும் அது மேலேதான் போகப்போகிறது, முதலிலேயே போய் உட்காரட்டும். எம்5 போல்ட்டுகள் கைவிரல் இறுக்கம் மட்டும். பிறகு எம்33. எம்5 கடைசியில், நீல த்ரெட் லாக்கரோடு. எம்5-ஐ முதலில் முறுக்கினால் தகடு மோட்டார் பக்கம் இழுபட்டுச் சாய்ந்துவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும்: ஸ்பேனரில் 25 செ.மீ. தூரத்தில் மாட்டிச் செங்குத்தாக 15 கிலோ இழுத்தால் சுமார் 37 நியூட்டன் மீட்டர். 20 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஒருமுறை அதே இழுப்பு. அதன்பின் தொடவில்லை.

பேட்டரி பக்கம் இன்னும் அலங்கோலம். லித்தியம் பேட்டரி விமானச் சரக்கில் ஆபத்துப் பொருள், அதனால் கிட் மட்டும் வெளியிலிருந்து, பேட்டரி பேக் இங்கேயே கட்டியது. 32700 அளவு எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், 6 ஆம்பியர் மணி, 12 தொடர் 2 இணை, மொத்தம் 24. முழுச் சார்ஜில் 43.8 வோல்ட். கையில் கிடந்த 42 வோல்ட் சார்ஜரும் ஓடுகிறது, செல்லுக்கு 3.5 வரும். ஆனால் பேக்கைக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். பலவற்றில் செல்களைச் சமன்செய்வது அதற்கு மேல்தான் தொடங்கும். எனவே மாதம் ஒருமுறை 43.8 சார்ஜர் போட வேண்டும்.

செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை வாங்கும்போது ஜாக்கிரதை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசலும் உண்டு, இரும்பில் நிக்கல் பூசியதும் உண்டு. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை நம்பாதீர்கள். ஒரு துண்டை அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். காலையில் கீறலில் துரு இருந்தால் இரும்பு. மின்தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 15 ஆம்பியரில் பட்டையே சுடும். ஒரு கடையில் "பியூர்" என்று ஒட்டித் தந்த சுருள் காலையில் செம்மண் நிறத்தில் கிடந்தது.

டிஸ்ப்ளேயின் பேட்டரிக் கோடுகளையும் நம்ப முடியாது. அது 10 தொடர் சாதாரண லித்தியத்துக்கு எழுதிய அளவுகோல். எல்.எஃப்.பி. 39 வோல்ட்டிலேயே வெகுநேரம் படுத்திருக்கும், கோடு முக்கால் காட்டும், பிறகு பொத்தென்று காலி. ஓடும் மின்னோட்டத்தை எண்ணும், ஷன்ட் வைத்த ஆம்பியர் மணி மீட்டர் ஒன்று ஹேண்டிலில் ஏறியாக வேண்டும்.

கியர் மாற்றும்போது மோட்டாரைத் தானே நிறுத்தும் கியர் சென்சார் இன்னும் மாட்டவில்லை. மாற்றும் நொடியில் பிரேக் லீவரை லேசாகத் தொட்டு மோட்டாரை நிறுத்துவதே இப்போதைய வழி. செயின் லைன் (செயின் ஓடும் நேர்கோடு) வெளியே தள்ளியிருப்பதால் பின்னால் பெரிய பல்லில் ஏறும்போது கரகரக்கிறது. குழிந்த 42 பல் அலுமினிய செயின்ரிங் தேடுகிறேன். 42-க்குக் கீழே போனால் மோட்டார் கூட்டின் மேல் குழிந்து உட்கார இடமில்லை, லைன் இன்னும் வெளியேதான் போகும். அது கிடைக்கும்வரை பெரிய இரண்டு பல்லையும் டீரெயிலரின் (கியர் மாற்றும் கை) லிமிட் ஸ்க்ரூவால் அடைத்துவிட்டேன்.